நாலாவது சரோஜா

ஜூன் 3, திங்கள்

எனக்கு உடம்புக்கு ஒன்று வந்தால் யாரிடம் போவேன்? தெரியவில்லை.

இதை நானாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இறுதியாண்டு வகுப்பில் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். ஒருவருடைய உடம்பையும் வீட்டையும் சேர்த்து அறிந்த ஒரு மருத்துவர் அவருக்கு வேண்டும், இதயத்துக்கும் எலும்புக்கும் தனித்தனியாக ஓடுவதெல்லாம் அதன் பிறகுதான் என்று இந்தக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறை தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவரும் பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். சந்தேகம் உண்டா என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. இன்று அவள் எழுந்து நின்றாள்.

"மேடம், உங்களுக்கு யாருங்க டாக்டர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பேசலாம் என்றேன். அடுத்த வகுப்பு சர்க்கரை நோய்.

வரும் வழியில் கீரை வாங்கினேன். ஆய்ந்து முடிப்பதற்குள் பசி போய்விட்டது.

ஜூன் 5, புதன்

பாடநூல் குழுவிலிருந்து மறுபடியும் நினைவூட்டல். 'தொடர் கவனிப்பு' என்ற அத்தியாயம் என் பொறுப்பு. முதல் பத்தியை இன்று நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன்.

குளிர்சாதனப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். இரவுக்குச் சாதம் போதும் என்று அரிசி களைந்தேன். களையும்போதே ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான்.

ஜூன் 8, சனி

சனிக்கிழமை மதியம் எங்கள் துறையின் கிராம சுகாதார மையம் காலியாகிவிடும். என் உதவிப் பேராசிரியர் கோகிலவாணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். செவிலியர் ரஞ்சிதம் சாப்பிடப் போயிருந்தார். நான் இடது கையில் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, வலது கையால் ஊசி குத்தி, எனக்கு நானே ரத்தம் எடுத்துக்கொண்டேன். முதல் முறையிலேயே கிடைத்தது. கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

குப்பியில் பெயர் ஒட்ட வேண்டும். சொந்தப் பெயர் போட்டால், முடிவு என் மேசைக்கு வரும் முன்பே கேண்டீனில் இருப்பவர் நலம் விசாரிப்பார். அதனால் மருத்துவர்கள் யாரும் போடுவதில்லை. எலும்புப் பிரிவில் ஒருவர் தன் சர்க்கரையைப் பல வருடமாக 'பழனிச்சாமி' என்ற பெயரில் பார்த்துவருகிறார். பழனிச்சாமி இனிப்பை நிறுத்துவதே இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சரோஜா, வயது 49, புதுப்பாளையம் என்று எழுதினேன். சரோஜா ஏன் வந்தாள் என்று தெரியவில்லை. கைபேசி எண் இல்லாமல் கணினி விடாது. என் எண்ணையே போட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினேன்.

இது சும்மா ஒரு சரிபார்ப்பு. இந்த வயதில் ரத்தம் குறைவது பெண்களுக்கு உள்ளதுதான்.

ஜூன் 10, திங்கள்

காலையில் கோகிலவாணி கைபேசியை நீட்டியபடி என் அறைக்குள் வந்தாள்.

"மேடம், சனிக்கெழம நான் போனதுக்கப்பறம் சரோஜான்னு ஒரு அம்மா வந்துச்சுங்களா?"

மையத்தின் பரிசோதனை முடிவுகள் என் மேசையில் தேங்கி நிற்காமல் நேரே அவள் கைபேசிக்குப் போகட்டும் என்று போன மாதம் உத்தரவு போட்டது நான்தான். அது சுத்தமாக மறந்துவிட்டது.

"வந்தாங்க" என்றேன்.

"ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நாலுங்க மேடம்! பன்னெண்டு இருக்கோணும். எப்படித்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்துச்சோ."

"நடந்துதான் வந்தாங்க."

"பாக்க எப்படி இருந்துச்சு? வெளுத்துப்போயா?"

"கவனிக்கலை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நோயாளி கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள் பாதி நோயைப் பார்த்துவிட வேண்டும் என்று வருடா வருடம் சொல்பவள் நான்.

"பரவால்லைங்க, நான் கூப்டுப் பேசிக்கறேன்" என்று போய்விட்டாள்.

இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்தேன். இரவில் ஒன்று.

ஜூன் 12, புதன்

கோகிலவாணி எங்கள் துறைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவள். தடுப்பூசி போடாத ஒரு குழந்தைக்காகப் பரிசல் ஏறிப் போனதாகச் சொல்வார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் நேர்காணலில் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்று மதியச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"சரோஜா நம்பருக்குப் போட்டனுங்க மேடம். ராசிபுரத்துல ஒரு ஆளு எடுத்தாரு. சரோஜா இருக்குதுங்களான்னா, இருக்குதுங்க, நேத்துதான் கன்னு போட்டுச்சுங்கறாரு."

ரஞ்சிதத்துக்குப் புரை ஏறிவிட்டது.

"எருமைங்க! பாலுக்கான்னு கேக்கறாரு. இல்லீங்க, ரத்தத்துக்குன்னேன். நீங்க எந்த ஊருங்கன்னு ஒரே சத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பொய் நம்பர் குடுத்திருக்குதுங்க மேடம்" என்றாள். "ஊட்டுல தெரியக்கூடாதுன்னுதான் குடுத்திருக்கும்."

"எண்ணைத் தப்பாப் பதிஞ்சிருக்கலாம்" என்றேன்.

"பதிஞ்சது நீங்கதானுங்களே."

ஜூன் 13, வியாழன்

குடியிருப்பில் லிஃப்ட் இல்லை. முதல் மாடி வந்ததும் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தேன். அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

தஞ்சாவூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். பேரனுக்குப் பல் முளைத்தது, மருமகன் வண்டி வாங்கியது, மோட்டார் எரிந்துபோனது எல்லாம் சொல்லிவிட்டு,

"நான் அந்தக் கேமரா விட்டுப் பார்த்துட்டேன்டி" என்றாள். "ஒண்ணுமில்லையாம். அப்பாவுக்குக் குடல்ல கட்டி வந்ததுக்கு நாம ரெண்டு பேரும் அம்பதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்னு நீதான் பாடம் எடுத்தே. நான் அம்பத்திமூணுல பார்த்திருக்கேன். நீ பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

"எப்ப?"

"போன வருஷம்."

"சொல்லவே இல்லை? நல்லா இருக்குன்னாங்களா?"

"நல்லா இருக்கு."

அதன் பிறகு அவளுடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவள் செய்யமாட்டாள்.

மாலையில் புடவைகளுக்குக் கஞ்சி போட்டேன். மூன்று போட்டதும் உட்கார வேண்டியிருந்தது.

ஜூன் 19, புதன்

துறைக் கூட்டம். நிலுவையில் உள்ள நோயாளிகளைப் பற்றிப் பேசினோம். சரோஜா பெயர் வந்ததும், தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றேன்.

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். "முடிக்கக் கூடாதுங்களே மேடம்."

"வேலை நிறைய இருக்கு கோகிலா."

"ஆளப் பாக்காம கேஸ மூடக்கூடாதுன்னு இந்தத் துறைக்குச் சட்டம் போட்டதே நீங்கதானுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் அது ஒண்ணுதான் வித்தியாசம்னு சொல்லுவீங்க. வந்த அன்னிக்கே எனக்குச் சொன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். இந்தத் துறை ஒரு பழைய பண்டகசாலையில், உடைந்த கட்டில்களுக்கு நடுவே தொடங்கியது. மற்றவர்கள் இதை 'சளிக்காய்ச்சல் துறை' என்பார்கள். அறுவைசிகிச்சைப் பேராசிரியர் ஒருவர், "உங்களுக்கென்னம்மா, பாரசிட்டமாலுக்கே பட்டம் குடுக்கறீங்க" என்றார். அவருடைய கேலிக்குப் பதிலாக எனக்கு இருந்தது இந்த ஒரு விதி மட்டுமே. வராமல் போனவர்களை நாங்கள் போய்ப் பார்ப்போம். மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் வருடத்தில் ஓரிருவராவது அதனால் பிழைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் துறைக்கு மேற்படிப்பு இடங்களே வாங்கினேன்.

"சரி, தேடுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ரஞ்சிதம் குறுக்கே பேசினார். "அந்தம்மாளுக்கு யாருமில்லீங்களோ என்னமோ. புருசன் புள்ளை இருந்தா இத்தன நாளைக்கு இழுத்துட்டு வந்திருப்பாங்க."

"இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும் சிஸ்டர்" என்றாள் கோகிலவாணி. "ஒத்தையாக் கெடந்து ரத்தம் வத்திட்டிருக்குது எங்கியோ. நெனைச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது."

நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

ஜூன் 21, வெள்ளி

மாத்திரை நெஞ்சைக் கரிக்கிறது. மலம் கறுத்துப் போகிறது. இரும்புச்சத்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.

அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். வறண்ட இரண்டு பக்கம்.

ஜூன் 24, திங்கள்

கோகிலவாணி இன்று புதுப்பாளையம் போய்வந்தாள். அந்தப் பெயரில் இந்தப் பக்கமே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஸ்கூட்டரில் போயிருக்கிறாள். மஞ்சள் காட்டில் களையெடுப்பவர்களை, ரேஷன் கடையை, மாரியம்மன் கோயில் பூசாரியை எல்லாம் விசாரித்திருக்கிறாள். மூன்று சரோஜாக்கள் இருக்கிறார்களாம். மூவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தர் வீட்டு நாய் அவளுடைய துப்பட்டாவைக் கிழித்துவிட்டது.

"விடுங்க கோகிலா" என்றேன். "நாய் கடிச்சிருந்தா என்ன ஆகறது?"

"கடிச்சா ஊசி போட்டுக்கறனுங்க. நம்மகிட்டதான் ஸ்டாக் இருக்குதே."

அவள் போன பிறகு அவள் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். உள்ளே வந்தால் பேச்சு நீளும்.

ஜூன் 25, செவ்வாய்

மழை. பால்காரர் வரவில்லை. கருப்புக் காபி.

ஜூன் 27, வியாழன்

கிராம மையத்தில் உட்கார்ந்து நோயாளி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பால் சொசைட்டியின் ஒலிபெருக்கி கரகரத்தது. பால் விலை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"புதுப்பாளையம் சரோஜா என்பவர், வயது நாப்பத்தொம்பது, எங்கிருந்தாலும் நாளைக்குக் காலையில சுகாதார மையத்துக்கு வரோணும்னு டாக்டரம்மா கேட்டுக்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்லீங்க. மறுபடி சொல்றேன். புதுப்பாளையம் சரோஜா..."

என் முன்னால் இருந்தவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

"ஆரோ சரோஜாங்களாமா" என்றார் அவர். "பயப்பட வேண்டாம்னு மைக்குல சொன்னா, கண்டிப்பா பெரிய சீக்குதானுங்க."

கோகிலவாணியை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன். நோயாளியின் அந்தரங்கம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நோய் என்னன்னு சொல்லலைங்களே மேடம். வரச் சொல்லித்தான் சொன்னேன்."

"ஊர் என்ன பேசும்னு யோசிச்சீங்களா?"

"ஊரு நாலு நாளைக்குப் பேசும். அந்தம்மா செத்துட்டா, யாருங்க பேசுவாங்க?" அவள் கண்கள் கலங்கிவிட்டன. "திட்டுங்க மேடம். மெமோகூடக் குடுங்க. நான் தேடறதை நிறுத்த மாட்டேன்."

மெமோ கொடுக்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

மூன்று சரோஜாக்களும் வந்துவிட்டார்கள்.

முதலாமவர் எழுபதைத் தாண்டியவர். இரண்டாமவள் கைக்குழந்தைக்காரி, தன் பெயரை மைக்கில் கேட்டதும் மாமியார் மூன்று கேள்வி கேட்டாராம், அதற்குப் பதில் சொல்ல வந்திருந்தாள். மூன்றாமவருக்குத்தான் வயது ஒத்துப்போனது. பஞ்சாலையில் நூல் சுற்றுபவர். கோடாலி முடிச்சு, வெற்றிலைச் சிவப்பு, நல்ல தாட்டியான உடம்பு.

"எனக்கு என்னங்க வியாதி? நேத்துப் பொழுதோட இருந்து ஊட்டுக்குத் துக்கம் கேக்கற மாதிரி ஆளுக வருது. எம் மருமவ ஆறு வருசத்துல மொதத் தடவையா எனக்கு ஈரல் வறுத்துக் குடுத்தா. அதப் பாத்துட்டுத்தான் எனக்கே பயம் வந்துருச்சு."

கோகிலவாணி அவரிடம் வரிசையாகக் கேட்டாள். மூச்சு வாங்குதுங்களா? நெஞ்சு படபடங்குதுங்களா? பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், இந்த மாதிரி எதையாச்சும் திங்கோணும்னு தோணுதுங்களா? ரத்தம் கொறைஞ்சா அப்படி ஒரு ஆசை வருமுங்க.

"அரிசியவா? நான் என்ன எலிங்களா?" என்று அவர் கேட்க, ரஞ்சிதம் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

மூவருக்கும் ரத்தம் சோதித்தோம். கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. பஞ்சாலைக்காரருக்குப் பன்னிரண்டரை.

அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இன்னொரு சரோஜா இருக்கறாளுங்களா?"

"இருக்காங்க."

"கெடைச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் பேருக்காரி. நாலாவது ஆளு ஆருன்னு ஒருக்கா பாக்கோணும்." இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். "அந்தச் சின்ன டாக்டரம்மா நாயா அலையுதே, பாவம். இப்படி ஒருத்தி தன்னையத் தேடறான்னு அவளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். பேருந்து வந்துவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

எதுவும் செய்யவில்லை. படுத்திருந்தேன். அக்கா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு செய்தி அனுப்பினேன்.

ஜூலை 1, திங்கள்

அத்தியாயத்தை முடிக்க உட்கார்ந்தேன். 'நோயாளி ஏன் திரும்பி வருவதில்லை' என்று ஒரு பகுதி. தூரம், செலவு, நாள்கூலி போய்விடும், வீட்டில் அனுமதி இல்லை, முதல் முறை வந்தபோது மருத்துவர் கடுகடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருபது வருட அனுபவம். இவற்றில் ஒன்றுகூட சரோஜாவுக்குப் பொருந்தவில்லை. வீட்டிலிருந்து மருத்துவமனை நடக்கிற தூரம். பணம் இருக்கிறது. தடுக்க ஆள் இல்லை.

அவள் ஏன் வரவில்லை என்று எழுதப் பார்த்தேன். போனால் ஒரு பதில் கிடைத்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. அது பாடநூலில் போடுகிற வாக்கியம் இல்லை.

கணினியை மூடிவிட்டுத் துணி மடித்தேன்.

ஜூலை 3, புதன்

கோகிலவாணி இன்று அடுத்த திட்டத்தோடு வந்தாள். சுற்றியுள்ள கிராமங்களின் கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் சொல்லி, வீடு வீடாகக் கேட்கப்போகிறாளாம். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவள், அதையும் விட்டுவிட்டு அந்த இரண்டாவது புதுப்பாளையத்துக்கு மறுபடி போயிருக்கிறாள்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். "நாளைக்கு நானும் மையத்துக்கு வர்றேன்."

"நீங்க எதுக்குங்க மேடம்? நாளைக்கு உங்களுக்கு வகுப்பு."

"மாத்திக்கலாம்."

நாளை உண்மையைச் சொன்னதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பயிற்றுவித்த ஆள்தானே. ஒன்று, அவள் அழுவாள். நான் சமாதானம் சொல்வேன், அதிலேயே நேரம் போய்விடும். அல்லது எழுந்து நின்று தன் நாற்காலியை எனக்குக் கொடுப்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மூன்றாவதுதான் பெரும்பாலும் நடக்கும். "நீங்களே சொல்லுங்க மேடம், என்ன பண்ணலாம்?" என்று கேட்பாள். நான் சொல்வேன். மாத்திரையைத் தொடரலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்பேன். அவள் எழுதிக்கொள்வாள். எந்த நோயாளியும் இவ்வளவு சுலபமாகத் தப்பியிருக்கமாட்டார்.

நீலப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

நடந்தது இது.

எட்டரைக்கு மையத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்னங்க மேடம், வெளையாட்டு?"

"பதிஞ்சுக்குங்க. மேகலா, வயசு நாற்பத்தொன்பது."

சிரிப்பு நின்றது. சீட்டைக் கையில் கொடுத்தார். பெஞ்சில் எனக்கு முன்னால் ஆறு பேர். பக்கத்தில் இருந்த பெண் தன் மகனுக்குக் காது சீழ் வடிகிறது என்று என்னிடமே சொல்லி, என்ன சொட்டு விடலாம் என்று கேட்டாள். உள்ளே சின்ன டாக்டரம்மாவைக் கேளுங்கள், நல்லாப் பார்ப்பாங்க என்றேன்.

கோகிலவாணி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை மேசையில் வைத்தேன்.

"கோகிலா, இனி சரோஜாவைத் தேட வேண்டாம்."

பெயரைப் படித்தாள். வயதைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கீழிமையை, உதடுகளை, மேசைமேல் இருந்த என் நகங்களைப் பார்த்தாள். அவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் கண்ணைப் பார்த்தாள்.

அவள் அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மூடியைப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மைக்கெல்லாம் வெச்சனுங்களே மேடம்" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு என்னைய அந்தத் திட்டுத் திட்டுனீங்க."

"ஆமாம்."

"செரி. அது அப்பறம்." எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டு வந்தாள். "சொல்லுங்க."

"நாற்பத்தொன்பது வயதுப் பெண், ஏறக்குறைய மூன்று மாதமாகச் சோர்வு, ஏறினால் மூச்சு வாங்குதல், முந்தைய நோய் எதுவும்..."

"கேஸ் சொல்லாதீங்க மேடம். உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். நோயாளி பேசாதபோது மருத்துவர் பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பது எளிது. அந்த மௌனத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது இத்தனை சிரமம் என்று எனக்குத் தெரியாது.

"படி ஏற முடியலை" என்றேன். "பச்சரிசி திங்கறேன். சாப்பாடு பிடிக்கலை. புடவையெல்லாம் இடுப்புல நிக்கலை."

"கடைசியா மாசவிலக்கு எப்பங்க?"

"போன ஐப்பசியோட நின்னுபோச்சு."

"அப்ப ரத்தம் எதுலீங்க போகுது?"

கட்டிலில் படுக்கச் சொன்னாள். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றின் இடது பக்கத்தில் தொடங்கினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நிதானமாக வட்டமிட்டு வலது பக்கம் கீழே வந்தது. அங்கே நின்றது. நகர்ந்து போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. அந்தக் கைக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும்.

"இங்க ஒண்ணு கெட்டியாத் தட்டுப்படுதுங்க மேடம்."

"ஆமாம்."

"நீங்களும் தொட்டுப் பாத்திருக்கீங்க."

"ஆமாம்."

"எப்பருந்து?"

"சித்திரையிலருந்து."

அவள் கையை எடுக்கவில்லை. "ஊட்டுல யாருக்காச்சும் இந்த மாதிரி..." என்றாள். அப்பாவுக்கு என்றேன். தலையை ஆட்டினாள். புடவையைச் சரிசெய்ய எனக்குக் கை கொடுத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் தலை சுற்றியது. சுற்றல் நிற்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன நினைக்கிறாள் என்பதை நேராகச் சொன்னாள். என்னவாக இருக்கலாம், என்னவாக இல்லாமலும் இருக்கலாம், இன்று என்ன செய்வது, நாளை என்ன என்று. நடுவில் ஒருமுறைகூட நீங்களே சொல்லுங்க மேடம் என்று கேட்கவில்லை. நான் ஒரு இடத்தில் குறுக்கிட்டு, முதலில் ஸ்கேன் போதுமே என்றேன். "இல்லீங்க, கேமராதான். ரத்தம் ஏத்திட்டு, சனிக்கெழமையே" என்றாள். குடல் மருத்துவரைக் கைபேசியில் பிடித்துத் தேதி வாங்கினாள்.

"யாரு கூட வருவாங்க?"

"நானே போய்க்குவேன்."

"மயக்கம் குடுத்துப் பண்றதுங்க மேடம். தனியா வந்தா உள்ள விட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா? நான் எப்படியும் வருவேன். உங்க ஆளுக யாரு வருவாங்கன்னு கேட்டேன்."

அக்கா தஞ்சாவூரில் இருக்கிறாள், முழங்கால் வலி, பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்கு எதுவும் தெரியாது என்றேன். அவள் என் கைப்பையைத் திறந்து என் கைபேசியை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். வெளியே காது சீழ்ப் பையன் அழுதுகொண்டிருந்தான். கோகிலவாணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

அக்கா உடனே எடுத்தாள். "என்னடி, இந்த நேரத்துல?"

சொன்னேன். கேமரா பார்க்கவே இல்லை என்பதை முதலில் சொன்னேன். அதன் பிறகு மற்றதை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அந்தப் பக்கம் பீரோக் கதவு கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"ஈரோட்டுக்கு எந்த பஸ் ஏறணும்?" என்று கேட்டாள் அக்கா.

திருச்சியில் இறங்கி மாற வேண்டும் என்று சொன்னேன்.